ஆறு தின்ற கோட்டை

ஒலுவிலில் இருக்கும் எங்கள் சாச்சிக்குச் சீதனமாகக் கிடைத்த ஒரு தென்னந்தோட்டம் இருக்கிறது. அதற்கு உறுதியும் இருக்கிறது. அந்த உறுதியில் நான்கு எல்லைகள் எழுதப்பட்டிருக்கின்றன. வடக்கே ஒருவரின் காணி, தெற்கே இன்னொருவரின் காணி, மேற்கே ஒழுங்கை, கிழக்கே கடல். மூன்று எல்லைகள் எழுதிய இடத்திலேயே இருக்கின்றன. நான்காவது எல்லை மட்டும் வருடா வருடம் மேற்கே நடந்து வருகிறது. உறுதியில் ஓர் ஏக்கர். தரையில் பாதிகூட இல்லை. சாச்சி கல்யாணம் முடித்த காலத்தில் தோட்டத்தின் நடுவில் இருந்த கிணறு இன்று அலைக்குள் நிற்கிறது. சுற்றியிருந்த மண்ணைக் கடல் கொண்டுபோய்விட்டதால், அதன் சீமெந்து வளையங்கள் மட்டும் ஒரு தூண் மாதிரி வெளியே தெரிகின்றன.

சென்ற விடுமுறையில் சம்மாந்துறையிலிருந்து நாங்கள் போயிருந்தபோது, வாப்பாவும் சாச்சாவும் அந்தக் கிணற்றைப் பார்த்துக்கொண்டே கதைத்தார்கள். எத்தனை வருடத்தில் இவ்வளவும் போனது என்று வாப்பா கேட்டார். பத்து வருடம் என்றார் சாச்சா. இல்லை, பதினைந்து என்றார் சாச்சி. கிணற்றுக்கும் கரைக்கும் முன்பு எவ்வளவு தூரம் இருந்தது என்பதற்கும் ஆளுக்கொரு கணக்கு. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் எந்த வேலி வரை வந்தது, எந்த மரத்தைப் பிடித்துக்கொண்டு யார் தப்பினார் என்பதெல்லாம் அவர்களுக்கு நிமிடக் கணக்கில் நினைவிருக்கிறது. ஒரே நாளில் வந்த கடலுக்குத் திகதி உண்டு. ஒவ்வொரு நாளும் ஒரு பிடி மண்ணாக எடுத்துப்போன கடலுக்குத் திகதி இல்லை. அதை ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

இந்தக் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அல்பிரூனி ஞாபகம் வந்தார்.

உயர்தரத்தில் நான் புவியியல், இஸ்லாமிய நாகரிகம், தமிழ் ஆகிய பாடங்களைப் படிக்கிறேன். இஸ்லாமிய நாகரிகப் பாடத்தில் முஸ்லிம் அறிஞர்களின் பெயர்கள் ஒரு நீண்ட பட்டியலாக வரும். பெயர், பிறந்த ஊர், எழுதிய நூல் என்று மனனம் செய்து, பரீட்சையில் எழுதிவிட்டு, மறந்துவிடுவோம். புவியியல் பாடத்தில் அரிப்பு, கொண்டுசெல்லல், படிவு என்று மூன்று சொற்கள் வரும். ஆறும் கடலும் காற்றும் நிலத்தை எப்படி அறுத்து, சுமந்து, வேறிடத்தில் போடுகின்றன என்பது அந்தப் பாடம். இந்த இரண்டு பாடங்களும் ஓரிடத்தில் சந்திக்கும் என்று நான் நினைத்ததில்லை. அல்பிரூனியின் வாழ்க்கையைத் தேடி வாசித்தபோதுதான் அவை சந்தித்தன. அவர் பெயரை மட்டும் பாடமாக்கிய என் தோழிகளுக்காக அந்த வாழ்க்கையை இங்கே எழுதுகிறேன்.

அபூ ரைஹான் முஹம்மத் இப்னு அஹ்மத் அல்பிரூனி 973ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் குவாரிஸ்ம் நாட்டின் தலைநகரான காத் நகருக்கு அருகில் பிறந்தார். அந்த இடம் இன்று உஸ்பெகிஸ்தானில் இருக்கிறது. அங்குள்ள ஒரு நகரத்துக்கு இப்போது அவருடைய பெயரையே வைத்திருக்கிறார்கள். பாரசீக மொழியில் பிரூன் என்றால் வெளியே என்று பொருள். நகருக்கு வெளியே பிறந்தவர் என்பதால் அந்தப் பெயர் வந்தது என்கிறார்கள். இளம் வயதிலேயே அரச குடும்பத்தைச் சேர்ந்த கணித அறிஞர் அபூ நஸ்ர் மன்சூரிடம் பாடம் கேட்கும் பாக்கியம் அவருக்குக் கிடைத்தது.

காத் நகரம் ஆமு தர்யா ஆற்றின் கரையில் இருந்தது. அரபிகள் அதை ஜெய்ஹூன் என்பார்கள். மலையிலிருந்து பெருமளவு சேற்றைச் சுமந்துகொண்டு சமவெளியில் வந்து, நினைத்தபடி போக்கை மாற்றும் ஆறு அது. நகரின் ஓரத்தில் ஃபீர் என்று ஒரு பழைய கோட்டை இருந்தது. களிமண்ணாலும் செங்கல்லாலும் கட்டியது. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று கோட்டைகள். பல மைல் தூரத்திலிருந்தே தெரியுமளவுக்கு உயரமானது. அந்தக் கோட்டையை ஆறு ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. கடைசியில் அதன் அடையாளமே இல்லாமல் போனது. இதையெல்லாம் அல்பிரூனி தன் நூலொன்றில் எழுதியிருக்கிறார். கடைசித் துண்டு மறைந்த ஆண்டையும் குறித்திருக்கிறார். அலெக்சாந்தர் ஆண்டுக் கணக்கில் 1305. நமது கணக்கில் 994. அப்போது அவருக்கு வயது 21 இருக்கும்.

இந்த இடத்தை வாசித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தேன். சாச்சியின் கிணறு என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. ஒரு வித்தியாசம்தான். அவருடைய ஊரில் கடைசி மண் விழுந்த வருடத்தை எழுதி வைக்க ஒருவர் இருந்தார்.

அடுத்த வருடம், 995இல், காத்தின் அரச வம்சமும் ஒரு போரில் விழுந்தது. அல்பிரூனி ஊரைவிட்டு ஓட வேண்டியதாயிற்று. ரய் நகரத்தில் வறுமையோடு சில காலம் இருந்தார். இரண்டு வருடத்தில் காத்துக்குத் திரும்பி வந்தபோது அவர் செய்த காரியம் ஒன்றை நான் ஒருபோதும் மறக்கமாட்டேன். 997 மே 24ஆம் திகதி இரவு சந்திரகிரகணம். பக்தாதில் இருந்த அபுல் வஃபா என்ற அறிஞரோடு முன்பே பேசிவைத்து, இருவரும் தத்தம் ஊரில் அதே கிரகணத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்தார்கள். கிரகணம் எல்லோருக்கும் ஒரே கணத்தில்தான் நடக்கிறது. ஆனால் கிழக்கே இருப்பவருக்கு அப்போது இரவு கூடுதலாகக் கழிந்திருக்கும். அந்த நேர வித்தியாசத்திலிருந்து இரண்டு ஊர்களின் நெடுங்கோட்டு வித்தியாசத்தைக் கணித்தார்கள். தொலைபேசி இல்லாத காலத்தில் இரண்டு மனிதர்கள் சந்திரனைத் தங்கள் கடிகாரமாக்கிக்கொண்டார்கள்.

பிறகு கஸ்பியன் கடலுக்குப் பக்கத்திலுள்ள ஜுர்ஜான் நாட்டில் அரசர் காபூஸின் ஆதரவில் தங்கினார். அங்கே, ஏறத்தாழ 1000ஆம் ஆண்டளவில், பல சமூகங்களின் ஆண்டுக் கணக்குகளையும் பண்டிகைகளையும் ஒப்பிட்டு ஒரு பெரிய நூல் எழுதி அவருக்குச் சமர்ப்பித்தார். ஃபீர் கோட்டையின் கதை வருவது அந்த நூலில்தான். இப்னு சீனாவோடு கடிதம் மூலம் விவாதம் நடத்தியதும் இளமைக் காலத்தில்தான். பின்னர் குவாரிஸ்முக்குத் திரும்பி அரசவையில் உயர்ந்த இடத்தில் இருந்தார். ஆனால் 1017இல் கஸ்னாவின் சுல்தான் மஹ்மூத் குவாரிஸ்மைப் பிடித்தார். அங்கிருந்த அறிஞர்களோடு அல்பிரூனியையும் கஸ்னாவுக்குக் கொண்டுபோனார். அது இன்றைய ஆப்கானிஸ்தானில் இருக்கிறது. அப்போது அவருக்கு 44 வயது. விரும்பிப் போன பயணமல்ல அது. இனி வாழ்நாள் முழுவதும் அந்த அரசவையோடுதான் என்றாகிவிட்டது.

ஊரை ஆறு தின்றது, அரசைப் போர் தின்றது, சுதந்திரத்தைச் சுல்தான் எடுத்துக்கொண்டார். இப்படிப்பட்ட ஒருவர் என்ன செய்வார்? அல்பிரூனி தான் நின்ற இடத்தையெல்லாம் அளந்தார்.

ஊர்களுக்கிடையிலான தூரங்களையும் அவற்றின் அகலக்கோடு, நெடுங்கோடுகளையும் சரியாகக் கண்டறிவது பற்றி அவர் எழுதிய நூல் 1025இல் முடிந்தது. கிப்லாவின் திசையைச் சரியாக அறிய வேண்டும் என்பது அந்த முயற்சியின் முக்கியமான நோக்கங்களில் ஒன்று. தொழுகைக்காக எங்கே திரும்பி நிற்பது என்ற கேள்விக்கு விடை தேடிப் போனவர், உலகத்தின் அளவையே தேடிப் போய்விட்டார்.

அவருக்கு முன்பு, கலீஃபா மஃமூனின் காலத்தில், ஒரு கூட்டம் வடக்கேயும் ஒரு கூட்டம் தெற்கேயுமாகப் பாலைவனத்தில் நடந்து பூமியை அளந்தது. அல்பிரூனியும் ஜுர்ஜான் பக்கத்துச் சமவெளியில் அப்படிச் செய்ய முயன்றார். உதவிக்கு ஆள் இல்லாததால் முடியவில்லை. பிறகு, இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் நந்தனா என்ற கோட்டையில் இருந்தபோது, பக்கத்தில் ஒரு குன்றையும் அதன் முன்னால் பரந்த சமவெளியையும் கண்டார். முதலில் குன்றின் உயரத்தைக் கோணங்களால் கணித்தார். ஏறத்தாழ 652 முழம் வந்தது. பிறகு உச்சியில் ஏறி நின்று, வானமும் தரையும் சேரும் கோடு கண்மட்டத்திலிருந்து எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்று பார்த்தார். 34 கலை, அதாவது ஒரு பாகையில் பாதியை விடச் சற்றே கூட. பூமி உருண்டை என்பதால்தான் அந்தக் கோடு கீழே இறங்கித் தெரிகிறது. இந்த இரண்டு அளவுகளையும் வைத்துத் திரிகோண கணிதத்தால் பூமியின் ஆரையைக் கண்டுபிடித்தார். அவருடைய முழத்தை இன்றைய கிலோமீற்றராக மாற்றுவதில் அறிஞர்களுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனாலும் விடை, இன்று நாம் படிக்கும் 6371 கிலோமீற்றருக்கு மிக அருகில் வருகிறது என்றே பலரும் சொல்கிறார்கள். கூட்டமாக நடக்க ஆள் கிடைக்காத ஒருவர், ஒரு குன்றில் ஏறித் தனியாக நின்று உலகத்தை அளந்திருக்கிறார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அதே 1025ஆம் ஆண்டு நூலில் நிலமும் கடலும் இடம் மாறுவதைப் பற்றியும் எழுதினார். அரபுப் பாலைவனம் ஒரு காலத்தில் கடலாக இருந்து பின்பு தூர்ந்து போனது என்பது அவருடைய முடிவு. அங்கே கிணறு தோண்டும்போது புழுதியும் மணலும் கூழாங்கல்லும் அடுக்கடுக்காக வருவதையும், சில கற்களை உடைத்தால் உள்ளே சிப்பிகள் இருப்பதையும் சாட்சியாகக் காட்டினார். இந்த மாற்றங்கள் நடந்து முடிய எவ்வளவு நெடுங்காலம் ஆகும் என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். மனித வாழ்நாளுக்குள் அடங்காத ஒன்றை அறிய, மண்ணைத்தான் கேட்க வேண்டும் என்று கண்டுகொண்டார்.

கஸ்னாவிலிருந்து அவர் இந்தியாவின் வடமேற்குப் பகுதிகளுக்குப் போய்த் தங்கினார். சமஸ்கிருதம் கற்றார். பண்டிதர்களிடம் மாணவரைப் போல அமர்ந்து கேட்டார். சுல்தானின் படையெடுப்புகள் அந்த நாட்டின் செழிப்பை அழித்ததையும், அதனால் அந்த மக்களின் மனதில் வெறுப்பு வேரூன்றியதையும், கல்வி அங்கிருந்து தூர இடங்களுக்கு ஒதுங்கிப் போனதையும் ஒளிக்காமல் எழுதினார். சுல்தானுக்குக் கீழே இருந்தவர் அவர். 1030ஆம் ஆண்டளவில் முடிந்த அவருடைய இந்திய நூல், கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் எப்படிப் பிரித்து எடைபோடுவது என்ற விசாரணையோடுதான் தொடங்குகிறது.

அந்த நூலில் கங்கைச் சமவெளியைப் பற்றி அவர் எழுதியிருப்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மலைக்குப் பக்கத்தில் தோண்டினால் உருண்ட பெரிய கற்கள் வருகின்றன. அங்கே ஆறு வேகமாக ஓடுகிறது. மலையை விட்டுத் தூரப் போகப் போக ஆற்றின் வேகம் குறைகிறது, கற்களும் சிறுக்கின்றன. கடலை நெருங்கும் இடத்தில் மணல் மட்டும்தான். இதைப் பார்த்துவிட்டு, இந்தச் சமவெளி முழுவதும் ஒருகாலத்தில் கடலாக இருந்து, ஆறுகள் கொண்டுவந்த வண்டலால் மெல்ல மெல்ல நிரம்பியிருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். இந்தியத் தட்டு ஆசியாவோடு மோதி இமயமலை எழுந்த கதை அவருக்குத் தெரியாது. அது நமக்குத் தெரிந்து நூறு வருடம்கூட ஆகவில்லை. ஆனால் மலை தேய்ந்து சமவெளி உண்டாகிறது என்பதை, கையில் ஒரு கல்லை எடுத்துப் பார்த்தே அவர் சொல்லிவிட்டார்.

இதை வாசித்த பிறகு வாப்பாவின் வயல் எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு வட்டையில் கிணறு வெட்டியபோது நானும் தேநீர் கொண்டு போயிருந்தேன். மேலே கறுப்புக் களி, அதற்குக் கீழே மஞ்சள் மணல், அதற்கும் கீழே விரல் நகமளவு உருண்டைக் கற்கள். இவ்வளவு சின்னக் கல்லைச் சமவெளியில் யார் உருட்டியது என்று அன்று நான் கேட்கவில்லை. பட்டிப்பளை ஆறு, அதாவது கல்லோயா, பதுளைக்குக் கிழக்கே உள்ள மலைகளிலிருந்து இறங்கி வருகிறது. இங்கினியாகலையில் அதை மறித்துத்தான் சேனநாயக்க சமுத்திரம் கட்டப்பட்டது. அங்கே சுற்றுலா போனபோது பார்த்த பாறைகள் யானையளவு இருந்தன. எங்கள் வயல் மண் நகமளவு. ஒலுவில் கரை மணல் கடுகளவு. அல்பிரூனி கங்கையில் வாசித்ததை நாங்கள் சம்மாந்துறையிலேயே வாசிக்கலாம். பெரும்போகத்தில் நாங்கள் விதைக்கும் மண் ஒரு மலையின் தூள்.

அல்பிரூனி இலங்கைக்கு வந்ததில்லை. ஆனால் சரந்தீபைப் பற்றிக் கேட்டறிந்து எழுதியிருக்கிறார். இங்கே முன்பு முத்துக்குளிப்பு இருந்ததென்றும், பிறகு முத்துகள் அற்றுப்போனதென்றும், அதே காலத்தில் ஆபிரிக்கக் கரையிலுள்ள சுஃபாலாவில் முத்துகள் கிடைத்ததால் சரந்தீபின் முத்துகள் அங்கே குடிபெயர்ந்துவிட்டதாக மக்கள் பேசிக்கொண்டார்கள் என்றும் எழுதினார். நமக்குப் பக்கத்திலுள்ள மாலைதீவைப் பற்றி எழுதியது அதைவிட ஆச்சரியமானது. அந்தத் தீவுகள் முதலில் கடலில் ஒரு மணல் திட்டாகத் தலைகாட்டுமாம். பிறகு மெல்ல உயர்ந்து, பரந்து, உறுதியாகுமாம். அதே காலத்தில் வேறொரு தீவு மெல்லக் கரைந்து கடலுக்குள் போய்விடுமாம். தங்கள் தீவு தேய்வதை அறிந்ததும் அங்குள்ளவர்கள் வளரும் தீவொன்றைத் தேடிப் பிடித்து, தென்னைகளையும் தானியங்களையும் வீட்டுச் சாமான்களையும் தூக்கிக்கொண்டு அங்கே குடியேறிவிடுவார்களாம்.

தென்னையையும் தூக்கிக்கொண்டு போனார்கள் என்ற இடத்தில் எனக்குச் சாச்சியின் முகம் ஞாபகம் வந்தது. சாச்சிக்குத் தேடிப் போக ஒரு வளரும் தீவு இல்லை. கடல் ஓரிடத்தில் எடுத்த மணலை எங்கேயோ ஓரிடத்தில் போட்டுத்தான் இருக்கும். ஆனால் அந்த இடத்துக்குச் சாச்சியின் பெயரில் உறுதி இல்லை.

பிற்காலத்தில் அல்பிரூனி கனிமங்களையும் இரத்தினக் கற்களையும் பற்றி ஒரு நூல் எழுதினார். ஒரு பொருளை நீர் நிறைந்த பாத்திரத்தில் இட்டு, வெளியேறும் நீரை நிறுத்து, பல உலோகங்களினதும் கற்களினதும் சாரடர்த்தியைக் கண்டார். நிறத்தில் ஏமாற்றும் கல் நிறையில் ஏமாற்றாது என்பது அவருடைய வழி. சுல்தான் மஹ்மூதின் மகன் மஸ்ஊதுக்கு வானியல் பெருநூல் ஒன்றைச் சமர்ப்பித்தபோது, ஒரு யானை சுமக்குமளவு வெள்ளி பரிசாக வந்ததென்றும், அவர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டாரென்றும் சொல்வார்கள். 140க்கும் மேற்பட்ட நூல்களை எழுதினார் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை இன்று நம்மிடம் இல்லை. ஏறத்தாழ 1050ஆம் ஆண்டளவில் கஸ்னாவில் வஃபாத்தானார்.

அவருடைய கடைசி நேரத்தைப் பற்றி ஒரு சம்பவம் சொல்லப்படுகிறது. மூச்சுத் திணறிக்கொண்டிருந்தவரைப் பார்க்க ஒரு சட்ட அறிஞர் வந்தார். பாட்டிமாரின் வாரிசுரிமைப் பங்கு பற்றி முன்பு பேசிய ஒரு கணக்கை அல்பிரூனி அப்போது அவரிடம் கேட்டார். இந்த நிலைமையிலா என்று வந்தவர் இரக்கப்பட்டார். அறியாமல் போவதைவிட அறிந்துகொண்டு உலகைப் பிரிவது நல்லதல்லவா என்பதுதான் அல்பிரூனியின் பதிலாக இருந்தது. வந்தவர் விளக்கிச் சொல்ல, அவர் அதை மீண்டும் ஒப்புவித்தார். சட்ட அறிஞர் வெளியேறித் தெருவுக்கு வந்தபோது வீட்டுக்குள்ளிருந்து அழுகுரல் கேட்டது.

தோழிகளே, கடலரிப்புக்குக் காரணம் என்னவென்று எங்கள் ஊர்களில் பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். ஆறு கொண்டுவரும் மணல் குறைந்தால் கரை மெலியும் என்று பாடத்தில் படிக்கிறோம். கரையோரமாக ஓடும் மணலை ஏதாவது மறித்தால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் அரிக்கும் என்றும் படிக்கிறோம். கடல் மட்டம் உயர்வதையும் படிக்கிறோம். சாச்சியின் தோட்டத்தில் எது எவ்வளவு என்று சொல்ல எனக்கு இன்னும் அறிவு போதாது. பத்து வருடமா, பதினைந்து வருடமா என்பதே தெரியாத ஒரு வீட்டில் காரணத்தை எப்படிச் சொல்வது? முதலில் அளக்க வேண்டும். ஃபீர் கோட்டை விழுந்த ஆண்டை எழுதியவரிடமிருந்து நான் கற்றது அவ்வளவுதான்.

அந்த விடுமுறையின் கடைசி நாள் காலையில் காக்காவின் அளவுநாடாவை வாங்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். நீர் அடிக்கடி ஏறி இறங்குவதால் அலையின் ஓரத்தை எடுக்காமல், மண் அறுந்து நிற்கும் திட்டின் விளிம்பை எடுத்தேன். சாச்சி வீட்டு முன்வாசற்படியின் மூலையில் நாடாவின் ஒரு நுனியைச் சாச்சியின் ஒன்பது வயது மகள் பிடித்துக்கொண்டாள். நாடா நீளம் போதாததால் நடுவில் இரண்டு முறை குச்சி நட்டோம். 143 அடி வந்தது. கொப்பியின் முதல் பக்கத்தில் திகதியையும், நேரத்தையும், அளந்த இடத்தையும் எழுதி, படியையும் கிணற்றையும் மிஞ்சியிருந்த தென்னைகளையும் படமாக வரைந்தேன். ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கிழமை அளப்பது சாச்சியின் மகளின் பொறுப்பு.

சாச்சி அந்தக் கொப்பியை வாங்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அலுமாரியைத் திறந்து, உறுதி வைத்திருக்கும் பைக்குள் அதையும் வைத்துப் பூட்டினார்.